வேகம் இருக்கிறது, திரைதான் நகரவில்லை!

மைசூரிலிருந்து நமது நிருபர்

மவுஸை ஒரு முறை அழுத்துகிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணலாம். அதன் பிறகுதான் திரையில் பட்டியல் விரிகிறது. கட்டத்தில் 4500 என்று தட்டுகிறார். எண் விழவில்லை. விழவில்லையே என்று மறுபடியும் தட்டுகிறார். சிறிது நேரம் கழித்து இரண்டும் சேர்ந்து வந்து நிற்கின்றன: 45004500!

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண்ணின் அன்றாட அவஸ்தை இது. பி.காம். படித்தவர். பெங்களூரில் உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு மைசூரில் வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதுகிறார். தந்தை அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தாயார் இல்லை. ஆகவே, பெண் மைசூரை விட்டு நகர முடியாது.

கடந்த 2025 ஜூலை மாதம் அலுவலகத்தில் இருந்து அவருக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. ‘மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கிற வேலைக்கு உங்களுக்கு மூன்று நாள் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள்? அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பெங்களூருக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பாருங்கள். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.’

“அண்ணா, நான் தூங்கவே இல்லை. கம்ப்யூட்டர்தான் தூங்குது. இதை எப்படி அவங்களுக்கு நிரூபிக்கிறது?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், பதில் தெரிந்த ஒருவரைத் தெரியும். ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

கவுன்டரில் நடப்பதும் இதுதான்

விஷயத்துக்குப் போகும் முன், இந்த ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நம்மில் எல்லோரும் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்ய கவுன்டரில் நின்றிருப்போம். குமாஸ்தாவின் முன்னால் ஒரு திரை இருக்கும். அந்தத் திரைக்குள் டிக்கெட் எதுவும் இல்லை. முன்பதிவுக் கணக்கு எல்லாம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. 1999இல் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். அதனால்தான் மைசூரில் உட்கார்ந்துகொண்டு ஹவுராவில் புறப்படும் வண்டிக்கும் சீட்டு கொடுக்க முடிகிறது. குமாஸ்தா தட்டும் எழுத்து அங்கே போகிறது. பதில் இங்கே வருகிறது.

அந்தப் பெண்ணின் வேலையும் ஏறக்குறைய அப்படியே. கணக்கு எழுதும் மென்பொருளும், வாடிக்கையாளர்களின் கணக்குகளும் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் இருக்கின்றன. இவர் வீட்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், மவுஸின் ஒவ்வொரு அசைவும் அங்கே போகும். அங்கே என்ன நடந்தது என்பது படமாகத் திரும்பி வரும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998இல் இதற்கென்றே விண்டோஸில் தனிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் சாதாரண கம்ப்யூட்டருக்கும் இந்த வசதி வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பெங்களூரில் வேலை பார்த்த மைசூர்ப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் சோறு போட்டது.

எழுத்து போய், படம் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்கே தடை வந்தாலும் திரை அசையாது. முன்பதிவுத் திரையில் பெரும்பாலும் எழுத்துதான். இங்கே முழுப் படமும் வர வேண்டும் என்பதால் தடை இன்னும் நன்றாகவே உறைக்கிறது. ஒரு செயலுக்குப் பதில் பத்தில் ஒரு விநாடிக்குள், அதாவது 100 மில்லி விநாடிக்குள் வந்தால்தான் அது ‘உடனே’ நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968லேயே எழுதிவிட்டார். கம்ப்யூட்டர்கள் எத்தனையோ மாறிவிட்டன. நமது கண்ணும் கையும் மாறவில்லை.

எம்.பி.பி.எஸ். மோகம்

நாங்கள் போன போது பெண்ணின் தந்தை கோபமாக இருந்தார். “மாசம் 40 எம்.பி.பி.எஸ். இருந்ததை 100 எம்.பி.பி.எஸ். ஆக்கினேன். பணம்தான் போச்சு. இன்டர்நெட் ஆளுக்குப் போன் பண்ணினா ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ன்னு சொல்றான்” என்றார். (இந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பு அல்ல. ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வரும் என்ற அளவு.)

நண்பர் சிரித்தார். “நீங்க கூட்ஸ் வண்டியில கூடுதலா வேகன் கோர்த்திருக்கீங்க சார். வண்டி சீக்கிரம் வந்து சேரணும்னா வேகன் கோர்த்து என்ன பிரயோஜனம்?” என்றார்.

ரயில்வேக்காரருக்கு இது பட்டென்று விளங்கிவிட்டது. ஒரு தடவையில் எவ்வளவு சரக்கு வருகிறது என்பது ஒன்று. போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறொன்று. சினிமா பார்ப்பவருக்கு முதலாவது முக்கியம். ரிமோட் டெஸ்க்டாப்பில் கணக்கு எழுதுகிறவருக்கு இரண்டாவதே உயிர். ஒரு எழுத்துக்கு எத்தனை எம்.பி.பி.எஸ். வேண்டும்? ஆனால், அந்த ஒரு எழுத்து போய், அதன் படம் திரும்பி வராமல் கட்டம் நிரம்பாது.

நண்பர் எங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நினைவுபடுத்தினார். பெங்களூர்–மைசூர் இரட்டைப் பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மற்ற இடங்களில் தண்டவாளம் போட்டாகிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மட்டும் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு குறுக்கே நின்றது. இடிக்கவும் கூடாது. கடைசியில் 2017இல் அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்த பிறகுதான் அங்கே இரண்டாவது பாதைக்கு வழி பிறந்தது. சுமார் 140 கிலோ மீட்டர் தூரப் பாதைக்கு ஒரு சிறிய இடம் முட்டுக்கட்டை. “முதல்ல அந்த ஆயுதக் கிடங்கு எங்கே இருக்குன்னு கண்டுபிடிப்போம்” என்றார் நண்பர்.

எதிரொலி கேட்கும் கருவி

அதற்கு அவர் பயன்படுத்தியது காசு செலவில்லாத கருவி. பெயர் ‘பிங்’. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்னஞ்சிறு புரோகிராம். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அந்த ஓசையைத்தான் பெயராக வைத்தார். விண்டோஸில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, முகவரியைக் கொடுத்தால் போதும். போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று வரிவரியாகச் சொல்லும்.

பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் தொலைவில் இருக்கும் சர்வருக்கு பிங் அனுப்புவார்கள். நண்பர் அப்படிச் செய்யவில்லை. முதலில் கூடத்தில் டி.வி.க்குப் பின்னால் இருந்த ரூட்டருக்கே அனுப்பினார். பெண் வேலை செய்யும் அறைக்கும் ரூட்டருக்கும் நடுவில் இரண்டு சுவர்.

3 மில்லி விநாடி. 4. 3. 180. 5. 420. பதில் இல்லை. 3. 260...

“பார்த்தீங்களா? வண்டி ஊரை விட்டே கிளம்பலை. பிளாட்பாரத்துலயே தகராறு” என்றார் நண்பர்.

வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சந்தைக் கடைத்தெரு மாதிரி. பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான் கூச்சல் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால், சுவரைத் தாண்டினால் பலம் போய்விடும். நண்பர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. என்னைக் கடைக்கு அனுப்பி 15 மீட்டர் ஈதர்நெட் கேபிள் வாங்கி வரச் சொன்னார். சுவரோரமாக இழுத்து லேப்டாப்பில் சொருகினார். ரூட்டர் வரை 1 மில்லி விநாடி. நூறு பிங்கில் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆனாலும் மாலையில் ஒரு மணி நேரம் எல்லாம் மறுபடியும் திணறியது. இதற்குக் காரணம் அப்பா! தினமும் ஐந்து மணிக்கு நண்பர்களோடு எடுத்த வீடியோக்களும், பேரன் படங்களும் அவருடைய போனில் இருந்து தானாகவே மேலே ஏறிக்கொண்டிருந்தன. வெளியே போகும் பாதை அடைத்துக்கொள்ளும்போது ரூட்டர் தகவலை எல்லாம் வரிசையில் நிறுத்தி வைக்கும். பெண் தட்டும் ஒரு எழுத்தும் அந்த நீண்ட வரிசையின் வாலில் போய் நிற்கும். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இந்தக் கோளாறைக் கண்டுபிடித்து அதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார். இந்தச் செய்தி பெரியவருக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. படங்கள் இப்போது இரவு பதினொன்றுக்கு மேல் ஏறுகின்றன.

சர்வர் எந்த ஊரில்?

வீட்டுப் பாதை சுத்தமாகிவிட்டது. இனி சர்வர். அதற்கு பிங் அனுப்பினால் 262 மில்லி விநாடி! ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாள் முழுதும் அதே 260, 262, 265.

“ஏறி இறங்கினா நெரிசல். ஒரே மாதிரி இருந்தா அது தூரம்” என்றார் நண்பர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், மைசூரில் இருந்து பெங்களூருக்குப் போக ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. நடுவில் உள்ள கருவிகளில் ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் இந்தியாவுக்குள் எங்கே போய் வந்தாலும் 262 ஆகாது. அப்படியானால் சர்வர் இந்தியாவில் இல்லை.

வழிநெடுக ஸ்டேஷன் பெயர்களைக் காட்டும் ‘டிரேசர்ட்’ என்ற கட்டளையைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. மும்பை வரை எண்கள் சிறியவை. அதற்கு அடுத்த வரியில் பிரான்சு நாட்டின் மார்செய். பிறகு லண்டன். அதன் பிறகு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் வர்ஜீனியா. பெங்களூர் கடைக்காரரின் பில்லை மைசூர்ப் பெண் எழுத, ஒவ்வொரு எழுத்தும் செங்கடல் வழியாக அமெரிக்கா போய்த் திரும்பிக்கொண்டிருந்தது!

அலுவலகத்துக்குச் சர்வரை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவர், படிவத்தில் முதலில் இருந்த ஊரையே தேர்ந்தெடுத்திருக்கிறார். வாடகையும் கொஞ்சம் குறைவாம். இந்தியாவில் இடம் இல்லாமல் இல்லை. மைக்ரோசாப்ட் 2015லேயே புனே, சென்னை, மும்பையில் சர்வர் மையங்களைத் திறந்துவிட்டது. அமேசான் 2016இல் மும்பையிலும், 2022இல் ஹைதராபாத்திலும் திறந்தது.

பெண் இந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். இதுவரை ‘மெதுவாக இருக்கிறது’ என்று புலம்பியபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ‘வீட்டில் 1, மும்பை வரை 30, அதற்கு அப்பால் 262’ என்று எழுதியதும் அன்று மாலையே ஆடிட்டர் போன் செய்தார். தம் அலுவலகத்து ஆட்களும் இதே சர்வரில்தான் வேலை செய்கிறார்கள், அவர்கள் மட்டும் எப்படி முடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். விசாரித்ததில், அவர்கள் கணக்கை உள்ளூர் கம்ப்யூட்டரில் எழுதி முடித்து, மொத்தமாக ஒரே தடவையில் மேலே ஏற்றுகிறவர்கள் என்று தெரியவந்தது. அந்த வசதியை இவருக்குத் தரவில்லை. ஆகஸ்ட் மத்தியில் சர்வர் மும்பைக்கு வந்தது. பிங் 34 ஆயிற்று.

நல்ல வேளை. அடுத்த மூன்று வாரத்தில், செப்டம்பர் 6ஆம் தேதி, சவூதி அரேபியாவின் ஜெட்டா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் போக்குவரத்தில் தாமதம் இருக்கும் என்று மைக்ரோசாப்டே அறிவித்தது. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோதும் இந்தியாவில் இப்படித்தான் இன்டர்நெட் தள்ளாடியது. எங்கோ கடலுக்கு அடியில் நடப்பது நம் தெருப் பெண்ணின் சம்பளத்தில் வந்து முடியக்கூடும் என்பதை அன்றுதான் நானும் உணர்ந்தேன்.

ஒண்டிக் குடித்தனம்

மும்பைக்கு வந்த பிறகும் ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்வோருக்கு 20ஆம் தேதி கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே 18, 19, 20 தேதிகளில் ஆறு பேரும் ஒரே சர்வரில் ஏறுவார்கள். ஆகஸ்ட் 18ஆம் தேதி பிங் அதே 34தான். திரை மட்டும் உறைந்து உறைந்து நின்றது.

இந்த ‘வர்ச்சுவல் சர்வர்’ என்பது ஒண்டிக் குடித்தனம் மாதிரி. ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளால் தடுத்துப் பல போர்ஷன்களாக வாடகைக்கு விடுகிறார்கள். மலிவு வாடகை போர்ஷன்களில் சில, எப்போதாவது அதிகம் உழைக்கலாம், தொடர்ந்து உழைத்தால் வேகத்தைக் குறைத்துவிடுவோம் என்ற நிபந்தனையோடு வருகின்றன. அந்த நிபந்தனையை யாரும் படிப்பதில்லை.

சர்வருக்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னார் நண்பர். மூளை எனப்படும் சி.பி.யு. 30 சதவீதம். நினைவகம் 97 சதவீதம்! 8 ஜி.பி. நினைவகத்தில் ஆறு பேர். ஒவ்வொருவரும் அங்கேயே பிரவுசரைத் திறந்து பத்துப் பதினைந்து பக்கம் போட்டிருந்தார்கள். ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டும் மும்பை போய்த்தான் அவர் காதுக்கு வருகிறது. நினைவகம் நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டர் தன் சாமான்களை வட்டில் இறக்கி வைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. நினைவகத்தை 16 ஜி.பி. ஆக்கினார்கள். பாட்டை நிறுத்தினார்கள்.

இன்னும் சில சிறிய திருத்தங்களும் நடந்தன. ரிமோட் டெஸ்க்டாப் இணைக்கும் பெட்டியில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பகுதியில் பின்னணிப் படம், சன்னல் அசைவு அலங்காரம் ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிட்டார்கள். நிறத்தை 16 பிட்டுக்குக் குறைத்தார்கள். கணக்குப் புத்தகத்துக்கு எதற்கு வண்ண ஜாலம்? வீட்டு பிரிண்டரையும், டிரைவ்களையும் சர்வரோடு கோர்த்திருந்ததை நீக்கியதும் உள்ளே நுழையும் நேரம் பாதியாகக் குறைந்தது. திரையின் உச்சியில் உள்ள பட்டையில் சிக்னல் குறியை அழுத்தினால், யு.டி.பி. என்ற பாதை திறந்திருக்கிறதா என்று தெரியும். 2012 முதல் வந்திருக்கும் வசதி இது. தவறிய ஒரு துண்டுக்காக மொத்தப் படத்தையும் நிறுத்தி வைக்காமல் அடுத்ததை அனுப்பும். பல அலுவலகங்களில் தடுப்புச் சுவர் அதை அடைத்து வைத்திருக்கிறது. இவர்களுடையதும் அப்படித்தான் இருந்தது. திறந்துவிட்டார்கள்.

ஒரு யோசனையை மட்டும் நண்பர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். வி.பி.என். என்ற பாதுகாப்புக் குழாயை எடுத்துவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசலை நேரே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால் இன்னும் வேகம் கிடைக்குமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “அந்தக் கதவைத் திறந்து வெச்சா அஞ்சு நிமிஷத்துல திருடன் வந்து பூட்டை ஆட்டுவான். ராத்திரி பகலா பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பான். அதுலயே சர்வர் களைச்சுப் போகும்” என்றார். 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை இந்த வசதியிலேயே தெரியவந்து, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை அது. பிறருடைய வரிக் கணக்கை வைத்திருப்பவர்கள் நாலு மில்லி விநாடிக்காக வாசலைத் திறந்து போடுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

செப்டம்பர் 20ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு நான் டியூட்டி முடிந்து வரும்போது அந்த வீட்டு வாசலில் கோலமாவு டப்பாவோடு பெண் நின்றிருந்தார். “எல்லாம் நாலு மணிக்கே முடிஞ்சிடுச்சு அண்ணா” என்றார். ஹாஸ்டல் பேச்சை ஆடிட்டர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பை மறுபடியும் 40க்கு மாற்றச் சொல்லிப் பெரியவர் இன்டர்நெட் ஆளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.